ரிஷிவந்தியத்துக்கு ஒரு மெயில் சர்வர்

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிக்கு அருகே தலைமையகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் சர்வர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மின்சாரம் போகவில்லை, வட்டு பழுதாகவில்லை, யாரும் உள்ளே புகுந்து எதையும் அழிக்கவில்லை. ஆனாலும் அன்று அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலை நம்பித் தொழில் செய்தவர்கள் பலருக்குக் கடிதம் வரவும் இல்லை, அவர்கள் அனுப்பியது போகவும் இல்லை. 'ஸோஹோ டாட் காம்' என்ற டொமைன் பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவாளரான டியராநெட், மோசடி மெயில் புகார்களைக் காரணம் காட்டி அந்தப் பெயரை முடக்கிவிட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்டார். அப்போதே சுமார் 3 கோடிப் பயனர்களைக் கொண்டிருந்த நிறுவனம் அது.

முடக்கம் சில மணி நேரத்தில் நீங்கியது. ஆனால் உலகெங்கும் இருக்கும் பெயர் அட்டவணைகளில் பழைய தகவல் தங்கிவிட்டதால், ஒரு ஊரில் திறந்த மெயில் இன்னொரு ஊரில் திறக்கவில்லை. பிறகு ஸோஹோ தன் டொமைனைக் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்திடம் மாற்றிக்கொண்டது.

மின்னஞ்சலை நடத்துவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் நிகழ்வே போதும். மின்னஞ்சலுக்குப் பெயர் வேண்டும், இயந்திரம் வேண்டும், அந்த இரண்டின் மேலும் மற்றவர்களுக்கு நம்பிக்கை வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் கடிதம் நிற்கும். இந்த மூன்றையும் ஒரு சிற்றூரிலிருந்து, மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வாடகைக் கணினியில் சொந்தமாக நடத்த முடியுமா? கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியத்தை வைத்தே பார்க்கலாம்.

அர்த்தநாரீஸ்வரர் கோயிலால் பக்தர்களுக்கும், 2011-இல் விஜயகாந்த் வென்று எதிர்க்கட்சித் தலைவரான தொகுதி என்பதால் மற்றவர்களுக்கும் தெரிந்த ஊர் இது. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக இங்கே ஆலை உண்டு, சங்கம் உண்டு, வெளிநாட்டு ஆர்டர் எடுக்கக்கூடிய கைவினைஞர்கள் உண்டு, பள்ளிகளும் கல்லூரிகளும் உண்டு. எல்லாருக்கும் மின்னஞ்சல் முகவரி தேவை. ஆனால் நம் ஊர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகைகளையும் பில் புத்தகங்களையும் பார்த்தால், பெரும்பாலான முகவரிகள் 'ஜிமெயில் டாட் காம்' என்றே முடிகின்றன. அதிலும் பல, சங்கச் செயலாளரோ கணக்கரோ தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துத் திறந்தவை. அவர் பணி மாறினால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்து ஒரு தனிமனிதரின் கைப்பேசியில் தங்கிவிடுவது சின்ன விஷயம் அல்ல.

மாவட்டத்தின் அரசு நிர்வாகத்தில் இந்தக் குறை இல்லை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. தேசியத் தகவலியல் மையத்தின் பெயரின் கீழ் புது மாவட்டத்துக்குத் தனி இணைய முகவரி கிடைத்தது. ஆட்சியர் மாறினாலும் ஆட்சியரின் மின்னஞ்சல் முகவரி மாறாது. கடிதம் பதவிக்குப் போகிறது, ஆளுக்கு அல்ல. இதே ஏற்பாட்டை ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மரச்சிற்பச் சங்கமோ செய்துகொள்ளத் தடை எதுவும் இல்லை. மின்னஞ்சல் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அதன் விதிகள் 1982-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் எழுதிய திறந்த ஆவணத்திலிருந்து வந்தவை. வாட்ஸ்அப்பை நீங்கள் சொந்தமாக நடத்த முடியாது. மின்னஞ்சலை நடத்த முடியும். இந்தச் சுதந்திரம் இன்னும் மிச்சமிருப்பது பெரிய விஷயம் என்றே இக்கட்டுரை கருதுகிறது.

முதலில் இயந்திரம். வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ ஒரு பழைய கணினியை வைத்து மெயில் சர்வர் ஆக்கலாமே என்று தோன்றும். மூன்று காரணங்களால் அது தேறாது. மின்தடை முதல் காரணம். இணையத்தில் வீட்டு பிராட்பேண்டை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி அவ்வப்போது மாறுவதும், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதும் இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம். வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட ஐ.பி. முகவரிகளிலிருந்து நேரடியாக மெயில் வந்தால் ஏற்க வேண்டாம் என்று ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் தனிப் பட்டியலே வைத்திருக்கின்றன. உலகின் பெரிய மெயில் சர்வர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கின்றன.

ஆகவே டேட்டா சென்டர் ஒன்றில் இருக்கும் மெய்நிகர் கணினியை, அதாவது வி.எம்.மை, வாடகைக்கு எடுக்க வேண்டும். கூட்டுக்கிணறு உள்ள ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணறு ஒன்றுதான், முறை வைத்து நான்கு பங்காளிகள் பாய்ச்சுகிறார்கள். ஒருவர் வயல் இன்னொருவர் வயலோடு கலப்பதில்லை. அதேபோல ஒரு பெரிய கணினியின் செயலியும் நினைவகமும் வட்டும் பங்குபோடப்படுகின்றன. ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே நினைத்து இயங்குகிறது. அதற்கென்று தனி இயங்குதளம், தனிக் கடவுச்சொல், தனி ஐ.பி. முகவரி. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக 1972-இல் வி.எம்./370 என்ற மென்பொருளை அறிவித்தபோதே இந்த யோசனை சந்தைக்கு வந்துவிட்டது. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2007-இல் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் கருவுக்குள்ளேயே கே.வி.எம். என்ற அதே வகை மென்பொருள் சேர்க்கப்பட்டது. இன்று மாத வாடகைக்குக் கிடைக்கும் வி.எம்.களில் பெரும்பகுதி அதன்மேல் ஓடுபவை. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் தங்கள் கிளவுட் மையங்களைத் திறந்தன. ரிஷிவந்தியத்து மெயில் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விரும்பினால் இப்போது அதற்கு வழி இருக்கிறது.

முப்பது நாற்பது பேர் பயன்படுத்தும் மெயிலுக்குப் பெரிய கணினி தேவையில்லை. இரண்டு ஜி.பி. நினைவகமே அஞ்சலை வாங்கவும் அனுப்பவும் போதும். நினைவகத்தைத் தின்பது மெயில் அல்ல, அதன் காவலாளிகள்: வைரஸ் தேடும் கிளாம்ஏவி மட்டுமே ஒரு ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால் நான்கு ஜி.பி. எடுப்பது நிம்மதி. மென்பொருளுக்குக் காசு இல்லை. அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸை நெதர்லாந்தில் பிறந்த வீட்சா வெனமா எழுதி 1998-இல் வெளியிட்டார். வந்த கடிதங்களைப் பெட்டிகளில் வைத்துக் கைப்பேசிக்கும் கணினிக்கும் காட்டும் டவ்காட்டை 2002-இல் பின்லாந்துக்காரர் டிமோ சிரைனன் தந்தார். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். இவற்றோடு ஸ்பேம் எனும் குப்பை மெயிலுக்கான வடிகட்டி, வலைத்தள வழி மெயில் பார்க்கும் பக்கம் எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகத் தரும் 'மெயில்-இன்-எ-பாக்ஸ்', 'மெயில்கவ்' போன்றவையும் உண்டு. லினக்ஸ் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் ஒரே நாளில் இதை நிறுவிவிடலாம்.

நிறுவியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்பது சுவையானது. இரண்டு மெயில் சர்வர்கள் பேசிக்கொள்வது மனிதர் படிக்கக்கூடிய வெறும் எழுத்து. அனுப்பும் சர்வர், பெறும் சர்வரின் 25ஆம் எண் வாசலைத் தட்டுகிறது. அங்கிருந்து '220' என்று பதில் வரும்: இங்கே இருக்கிறேன், பேசலாம். வந்தவர் 'எஹ்லோ' என்று வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறார். '250', சரி. 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநர் முகவரி. '250'. 'ஆர்சிபிடி டு' என்று பெறுநர் முகவரி. அப்படி ஒருவர் அங்கே இருந்தால் மறுபடியும் '250'. இல்லையென்றால் '550' என்று அந்த இடத்திலேயே கதவு சாத்தப்படும். பிறகு 'டேட்டா' என்றதும் '354', அதாவது சொல்லுங்கள் எழுதிக்கொள்கிறேன். கடிதம் முழுவதும் போகிறது. தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். '250' வந்த கணத்திலிருந்து அந்தக் கடிதத்துக்குப் பெற்றவரே பொறுப்பு. எல்லாம் சில நொடிகளுக்குள். இந்த உரையாடல் ஒவ்வொன்றும் சர்வரின் பதிவேட்டில் நேரத்தோடு வரிசையாக ஏறிவிடும். 'உங்க மெயில் வரவே இல்லையே' என்று சொல்பவருக்கு, எந்த நொடியில் அவருடைய சர்வர் '250' சொன்னது என்று அந்த வரியைக் காட்டலாம். இலவச மெயிலில் இந்த வசதி கிடையாது.

இந்த உரையாடலில் நான்கில் தொடங்கும் எண்களுக்குத் தனி மதிப்பு உண்டு. '450' வந்தால் இப்போது முடியாது, பிறகு வா என்று அர்த்தம். அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தூக்கி எறிவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் கழித்து, பிறகு இன்னும் இடைவெளி விட்டு, மறுபடி மறுபடி முயலும். குறைந்தது நான்கைந்து நாட்களாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது வழிகாட்டு விதி. உங்கள் வி.எம். ஒரு நாள் முழுக்க நின்றுபோனாலும் வர வேண்டிய கடிதங்கள் வெளியூர் சர்வர்களில் காத்திருக்கும்; நீங்கள் எழுந்ததும் வந்து சேரும். எந்நேரமும் அறுபடக்கூடிய இணைப்புகளை எண்ணிக் கட்டப்பட்ட முறை இது. இந்தியாவின் மின்னஞ்சலும் அப்படித்தான் பிறந்தது. 1986-இல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. ஆரம்பத்தில் கணினிகள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்து, சேர்ந்துகிடந்த கடிதங்களை மூட்டையாகக் கைமாற்றிக்கொண்டன. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட இன்னும் பல ஆண்டுகள் இருந்த காலம் அது.

ரிஷிவந்தியத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தாண்டிய சிற்றூர்கள் பலவற்றில் சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. அம்மலை மக்களின் வாழ்நிலை குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் மாநில அரசின் திட்டம் முழுப் பயன் தரும்வரை, மேலே இருக்கும் ஒரு பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் மின்னஞ்சலின் இந்தப் பொறுமையான குணம் மிக உதவும். எழுதி அனுப்பு என்று அழுத்திவிட்டால் போதும். சிக்னல் வரும்போது கைப்பேசி அதை வி.எம்.மிடம் ஒப்படைக்கும், மீதி வேலை வி.எம்.மினுடையது.

இதுவரை எல்லாம் எளிது. இனிதான் கஷ்டம்.

மேலே பார்த்த உரையாடலில் 'மெயில் ஃப்ரம்' என்று எந்த முகவரியையும் யாரும் சொல்லலாம். சொல்வது உண்மையா என்று பார்க்க 1982-இன் விதியில் இடமே இல்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலைப்பின்னலுக்கு எழுதப்பட்ட விதி அது. பின்னாளில் மோசடிக்காரர்கள் வங்கியின் பெயரில், வருமான வரித்துறையின் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஓட்டைதான் வழி. அதை அடைக்க ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூட்டுகள் போடப்பட்டன. எந்த ஐ.பி. முகவரிகளிலிருந்து எங்கள் பெயரில் மெயில் வரலாம் என்று டொமைன் உரிமையாளர் வெளிப்படையாக எழுதி வைப்பது எஸ்.பி.எஃப். ஒவ்வொரு கடிதத்திலும் கணித முறையில் கையொப்பமிட்டு, அதைச் சரிபார்க்கும் திறவுகோலை டொமைனில் வைப்பது டிகிம். இவை இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது, ஸ்பேமில் போடுவதா, திருப்புவதா என்று சொல்லி வைப்பது 2012-இல் வந்த டிமார்க். மூன்றும் டொமைன் பெயரின் அட்டவணையில் எழுதப்படும் சில வரிகள்தாம். ஒரு எழுத்து தவறினாலும் கடிதம் ஸ்பேமுக்குப் போகும்.

இவை போக, ஐ.பி. முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் தலைகீழ்ப் பதிவு ஒன்றும் வேண்டும். பி.டி.ஆர். என்பார்கள். இதை நீங்களாக எழுத முடியாது. ஐ.பி. யாருடையதோ அவர், அதாவது வி.எம். வாடகைக்குத் தந்தவர், எழுதித் தர வேண்டும். வி.எம். எடுக்கும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டியது இது. கூடவே கேட்க வேண்டிய இன்னொன்று, 25ஆம் வாசல் திறந்திருக்கிறதா என்பது. கூகுள் கிளவுட் தன் வி.எம்.களிலிருந்து வெளியே செல்லும் 25ஆம் வாசலை மூடியே வைத்திருக்கிறது. அமேசானில் விண்ணப்பித்துத் திறக்கச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஸூரில் பெரும்பாலான சாதாரணக் கணக்குகளுக்கு மூடியதுதான். சில நூறு ரூபாயில் வி.எம். எடுத்து லட்சக்கணக்கில் குப்பை மெயில் அனுப்பிவிட்டு ஓடியவர்களால் வந்த வினை இது.

அப்படி ஓடியவர்கள் விட்டுச்சென்ற இன்னொரு சுமையும் புதிதாக வருபவர் தலையில் விழும். நீங்கள் இன்று எடுக்கும் ஐ.பி. முகவரி நேற்று வேறொருவரிடம் இருந்திருக்கும். அவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் முகவரி கறுப்புப் பட்டியலில் கிடக்கும். பட்டியலில் இல்லாவிட்டாலும், இதுவரை மெயிலே அனுப்பாத புது முகவரி என்பதால் பெரிய நிறுவனங்கள் தயக்கத்தோடுதான் ஏற்கும். முதல் சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, உண்மையில் பதில் போடக்கூடியவர்களுக்கு மட்டும் அனுப்பி நற்பெயர் ஈட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதியை இன்னும் இறுக்கின. தங்களுக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் கட்டாயம் என்றது ஜிமெயில். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று பூட்டுகளும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அதே வழியில் வந்தது. விதிகள் நியாயமானவைதான். ஆனால் கடிதம் சேருமா என்பதை மூன்று நான்கு நிறுவனங்கள் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது. திறந்த வீதியாக இருந்த மின்னஞ்சலுக்கு இது நல்லதல்ல. சிறியவர்கள் தாங்களாக சர்வர் நடத்துவதை விட்டுவிட்டால் இந்தப் பிடி இன்னும் இறுகும்.

தினசரிக் காவலும் உண்டு. புதிதாக ஓடத் தொடங்கிய மெயில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் முதல் நாளே திகைப்பார்கள். யாருக்கும் முகவரியே சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குள் எங்கெங்கோ இருந்து 'அட்மின்', 'இன்ஃபோ', 'டெஸ்ட்', 'சேல்ஸ்' என்று பெயர்களை வரிசையாகப் போட்டுக் கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் பதிவாகியிருக்கும். செய்வது மனிதர்கள் அல்ல, இடைவிடாமல் சுற்றும் நிரல்கள். அடுத்தடுத்துத் தவறும் ஐ.பி.யைத் தானாகத் தடுக்க ஃபெயில்டுபேன் என்ற மென்பொருள் உதவும். ஆனால் சங்க உறுப்பினர் ஒருவர் தன் பெயரையும் 123-ஐயும் சேர்த்துக் கடவுச்சொல் வைத்திருந்தால் எந்தக் காவலும் பயன்படாது. அந்தக் கணக்கு வழியே ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஸ்பேம் வெளியேறும். மாதக்கணக்கில் ஈட்டிய நற்பெயர் காலைக்குள் போய்விடும். குறியாக்கச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம் இலவசமாகக் கிடைக்கும். வழக்கமாக 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கும்படி ஏற்பாடு செய்து, அது நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வி.எம்.முக்குள்ளேயே எடுத்து வைக்கும் காப்புநகல் காப்புநகல் ஆகாது. வேறு நிறுவனத்தின் வட்டில், வேறு ஊரில் ஒரு பிரதி தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு கடிதத்தை மீட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சங்கத்தின் சர்வர் என்றால் சங்கத்தின் பொறுப்பு.

இவ்வளவு பாடு ஏன், இலவச மெயிலிலேயே இருந்துவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. இதே கேள்வியை ஒன்றிய அரசும் சந்தித்தது. அரசு அதிகாரிகள் ஜிமெயில், யாஹூவில் அலுவல் கடிதங்களை அனுப்புவது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்துக்கு எதிரானது என்று சமூகச் செயற்பாட்டாளர் கே.என். கோவிந்தாச்சார்யா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியதும் அந்தக் கேள்விக்கு வலு கூடியது. அரசின் மின்னஞ்சல் கொள்கை 2014-இல் உருவானது; அலுவல் கடிதம் தேசியத் தகவலியல் மையத்தின் மின்னஞ்சலில்தான் போக வேண்டும் என்றானது. பின்னர் அந்த மின்னஞ்சலை நடத்தும் ஏழு ஆண்டு ஒப்பந்தம் 2023-இல் ஸோஹோவுக்குக் கிடைத்தது. சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் அந்தத் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது.

இந்த மாற்றத்தில் ரிஷிவந்தியம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மென்பொருள் மாறியது, நடத்துபவர் மாறினார். ஆனால் ஊழியர்களின் முகவரியில் 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' என்ற முடிவு அப்படியே இருந்தது. யாரும் விசிட்டிங் கார்டைத் திருப்பி அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் அரசின் கையில் இருந்ததால் இயந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோக முடிந்தது. சொந்தப் பெயர் இருந்தால் ஒரு சிறு சங்கமும் இதைச் செய்யலாம். இந்த ஆண்டு வி.எம்.மில் நடத்தலாம், முடியவில்லை என்றால் அடுத்த ஆண்டு ஒரு மெயில் நிறுவனத்துக்கு மாற்றலாம், எழுதுகிறவர்களுக்கு மாற்றமே தெரியாது. டொமைனில் எம்.எக்ஸ். என்ற ஒரு வரியைத் திருத்தினால் கடிதங்கள் புது இடத்துக்குப் போகத் தொடங்கும். பழைய கடிதங்களையும் பிரதியெடுத்துப் புது இடத்துக்கு ஏற்றிவிடலாம்.

அந்தப் பெயர் தமிழிலேயே இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத மகிழ்ச்சியான செய்தி. '.இந்தியா' என்று தமிழில் முடியும் டொமைன் உண்டு. '@' குறிக்கு முன்னும் பின்னும் தமிழ் எழுத்து வரக்கூடிய முகவரிகளுக்கான விதி 2012-இல் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் அதை ஏற்கிறது. அரசு இணையப் படிவங்கள் பல இன்னும் இத்தகைய முகவரிகளை ஏற்பதில்லை. அதனால் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் கூடவே வேண்டும்.

யார் சொந்த மெயில் சர்வர் நடத்தலாம்? லினக்ஸ் தெரிந்த, தினமும் கால் மணி நேரம் பதிவேட்டைப் பார்க்கச் சம்மதிக்கும் இருவர் இருக்கும் எந்த அமைப்பும் நடத்தலாம். இருவர் என்பது முக்கியம், ஒருவர் திருமணத்துக்குப் போனாலும் இன்னொருவர் இருக்க வேண்டும். கணினித்துறை உள்ள கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. டி.என்.எஸ். எனும் டொமைன் பெயர் அட்டவணை, குறியாக்கம், லினக்ஸ், பாதுகாப்பு, சட்டம் எல்லாம் ஒரே வி.எம்.மில் கைக்குப் பழகிவிடும். மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஆய்வுக்கூடம் இது. இடைவழி ஒன்றும் உண்டு: வரும் மெயிலைச் சொந்த வி.எம்.மில் வாங்கிக்கொண்டு, போகும் மெயிலை மட்டும் நற்பெயர் உள்ள ஓர் அனுப்பு சேவை வழியாக அனுப்புவது. ஐ.பி. நற்பெயர்ச் சிக்கலில் பெரும்பகுதி அதோடு தீரும். அப்படி இருவர் இல்லாத சங்கமும் கடையும் பள்ளியும் சர்வர் நடத்த வேண்டாம். சொந்த டொமைனை வைத்துக்கொண்டு, ஆளுக்கு மாதம் சில பத்து ரூபாய் முதல் சில நூறு ரூபாய் வரை வாங்கும் மெயில் நிறுவனங்களில் ஒன்றிடம் ஒப்படைப்பதே அவர்களுக்கு நல்லது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றே: ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு டொமைன் பெயரைப் பதிவது. பதியும்போது கணினி சென்டர்காரர் பெயரிலோ செயலாளர் பெயரிலோ அல்லாமல் சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். பதிவாளர் தரும் உள்நுழைவை இரண்டு பொறுப்பாளர்களாவது வைத்திருங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்ததால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். லினக்ஸ் நிரலர் ஒருவர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிய பிறகுதான் அது சரியானது.